தாய்வழிச் சொத்தும் தாய்மாமன் பங்கும்

கூர்ப்பு உயிரியலைப் பொதுவாசகருக்கு எடுத்துச் சொல்லும் நூல்களில் ஏறத்தாழ முப்பது ஆண்டுகளாக ஒரு கருத்து பெரிய எதிர்ப்பின்றி உலவி வருகிறது. கலத்தினுள் உணவை எரித்துச் சக்தி ஆக்கும் நுண்ணுறுப்பான இழைமணி தாயிடமிருந்து மட்டுமே பிள்ளைக்குச் செல்கிறது. தந்தையின் விந்தோடு முட்டைக்குள் புகும் சில பத்து இழைமணிகள் அங்கேயே அழிக்கப்படுகின்றன. ஆகவே இழைமணியைப் பொறுத்தவரை ஆணின் உடல் வழி முடிந்த ஒழுங்கை. ஆகவே பெண்ணுக்குத் தீங்கு செய்யாமல் ஆணுக்கு மட்டும் கேடு விளைக்கும் விகாரங்கள், அதாவது இழைமணியின் டி.என்.ஏ.யில் நேரும் எழுத்துப் பிழைகள், இயற்கைத் தேர்வின் கண்ணில் படாமல் தலைமுறைதோறும் குவிந்தே தீரும் என்பது அந்தக் கருத்தின் கோவை. ஸ்டீவன் பிராங்க், லோரன்ஸ் ஹர்ஸ்ட் ஆகிய இருவரும் 1996இல் இதை ஒழுங்குபட எழுதினர்; 2004இல் நீல் ஜெமெல்லும் அவருடைய தோழர்களும் இதற்குத் 'தாயின் சாபம்' என்று பெயர் வைத்தனர். பெயர் கவர்ச்சியானது என்பதில் ஐயமில்லை; கருத்து பரவிய வேகத்தில் பாதி அந்தப் பெயரால் வந்தது.

இதே தர்க்கம் பின்னர் உள்ளுறை பற்றீரியாக்களுக்கும் நீட்டப்பட்டது. பூச்சிகளின் கலத்துக்குள்ளேயே குடியிருந்து, முட்டையின் குழியவுரு வழியாக மட்டும் அடுத்த தலைமுறைக்குச் செல்லும் வொல்பாக்கியா போன்ற பற்றீரியாக்களுக்கும் ஆண் பயனற்ற பாத்திரம். ஆகவே அவை ஆணைக் கொல்லும், பெண்ணாக்கும், மலடாக்கும். ஆணோ கைகட்டி நிற்கும் பலியாடு என்று சித்திரம் முழுமை பெற்றது.

இந்தக் கோவையின் முதற் கண்ணிகள் பெரும்பாலும் சரி. மிட்டிலஸ் போன்ற கடல் மட்டிகளில் ஆண் மட்டி தன் தந்தையின் விந்திலிருந்து தனியொரு இழைமணி மரபைப் பெறுகிறது என்ற விலக்கை ஒருபுறம் வைத்துவிடலாம். பிழை கடைசிக் கண்ணியில் இருக்கிறது. ஒரு சொத்து எந்த வழியில் கைமாறுகிறது என்பதும், அந்தச் சொத்தின் நலம் யாருடைய உழைப்பில் தங்கியிருக்கிறது என்பதும் இரு வேறு கேள்விகள். முதற் கேள்வியின் விடையை இரண்டாவதற்கும் விடையாக வைத்துக்கொண்டதுதான் இங்கே நடந்த மயக்கம்.

இந்த மயக்கம் திருகோணமலைத் துறைமுகத்தைச் சுற்றி வாழ்வோருக்கு வந்திருக்கவே கூடாது. வெருகல் ஆற்றுக்குத் தெற்கே மட்டக்களப்புத் தேசத்தில் குடி என்ற தாய்வழிக் குலம் இன்றும் பெயர் சொல்லி அறியப்படுகிறது. பிள்ளைகள் தாயின் குடியைச் சேர்வர், ஒரே குடிக்குள் மணம் கொள்ளார். ஆற்றுக்கு வடக்கே, கொட்டியாரக் குடாவைச் சூழ்ந்த ஊர்களில் குடிப்பெயர் அவ்வளவு இறுக்கமாக இல்லாவிட்டாலும், வீடு மகளுக்குச் சீதனமாகப் போவதும் மாப்பிள்ளை பெண் வீட்டில் குடியேறுவதும் தமிழரிடமும் முஸ்லிம்களிடமும் காணப்படும் வழக்கு. இங்கே குடிப்பெயரை ஆண் தன் பிள்ளைக்குக் கொடுப்பதில்லை. ஆயினும் தங்கைக்கு வீடு எழுப்பிக் கொடுக்காமல் அண்ணன் தன் கலியாணத்தை நினைக்க முடியாது என்பதும், மருமக்களின் நன்மை தீமைகளில் தாய்மாமன் முன்நிற்க வேண்டும் என்பதும் இதே சமூகத்தின் எழுதா விதிகள். குடிப்பெயரைக் கடத்தாத அதே ஆணின் உழைப்பில்தான் அந்தக் குடியின் அடுத்த தலைமுறை கூரை பெறுகிறது.

இழைமணியின் நிலையும் இதுவே. அண்ணனும் தங்கையும் ஒரே தாயின் இழைமணியைச் சுமப்பவர்கள். அந்த இழைமணி அண்ணனை நோயாளி ஆக்கினால், அவனுடைய உழைப்பை இழந்த தங்கையின் வீட்டில் பிள்ளைகள் குறையலாம். குறையும் ஒவ்வொரு பிள்ளையும் அதே இழைமணியின் ஒரு பிரதி. தன் உடலால் கடத்தாததை உறவினரின் உடல் வழியே ஒருவன் வளர்க்கவோ தேய்க்கவோ முடியும் என்பது உறவுத் தேர்வு எனப்படும். மைக்கேல் வேட், யானிவ் பிராண்ட்வேன் ஆகியோர் 2009இல், ஆணுக்கு ஏற்படும் இழைமணிக் கேடு இந்த வழியாகவும் உள்மணத்தின் வழியாகவும் தேர்வுக்கு உட்படும் என்று கணித முறையில் காட்டினர். சாபம் மீளக்கூடியது என்பதே அவர்களுடைய முடிவு.

உள்மணம் என்ற இரண்டாவது வழி தமிழருக்குத் தனியாக விளக்கத் தேவையற்ற ஒன்று. தமிழகத்தில் பல சாதியினரிடம் அக்காள் மகளை மணக்கும் வழக்கு நெடுங்காலமாக இருந்துவந்தது. அந்த மணத்தில் கணவனின் இழைமணி அவன் தாயினுடையது. அதே தாயிடமிருந்து அக்காளுக்கும், அக்காளிடமிருந்து அவள் மகளுக்கும் போனதும் அதுவே. கணவனும் மனைவியும் ஒரே இழைமணியினர். அது ஆணின் விந்தைச் சோம்பலாக்கினால் அந்த வீட்டில் தொட்டில் ஆடாது; மனைவியின் உடலிலுள்ள அதே இழைமணியும் அங்கேயே நின்றுபோகும். ஆணுக்கு மட்டும் ஆகாத விகாரம் இங்கே தேர்வின் நேர்ப்பார்வையில் வந்து நிற்கிறது. மாமன் மகளை மணந்தால் இது நிகழாது, ஏனெனில் மச்சாளின் இழைமணி மாமியின் வழி வந்தது. இலங்கையின் திருமணப் பதிவுச் சட்டம் உடன்பிறந்தாளின் மகளை மணப்பதைத் தடைசெய்கிறது; குடிக்குப் புறத்தே மணக்கும் கிழக்குக் கரை வழக்கில் கணவனும் மனைவியும் ஒரே தாய்வழியினராக இருப்பது விதிப்படியே இயலாது. ஆகப் பாக்கு நீரிணைக்கு அக்கரையில் ஒரு வாசல் திறந்திருக்க, இக்கரையில் அது மூடப்பட்டு, அண்ணன் தங்கை உறவு என்ற மற்ற வாசல் அகலத் திறந்திருக்கிறது. இவ்வழக்கங்கள் மனித இழைமணியின் வரலாற்றை மாற்றியெழுதிவிட்டன என்று சொல்வது மிகை. விளைவு சிறியதாகவே இருக்கும். ஆனால் தேர்வு ஆணைக் காணவே காணாது என்ற கூற்று, எவரும் எவரோடும் கண்ணை மூடிக்கொண்டு கூடுகின்ற, உறவென்பதே இல்லாத ஒரு கற்பனைக் கூட்டத்துக்குத்தான் பொருந்தும் என்பதைக் காட்ட இவை போதும்.

சாபக் கட்சியினர் ஆய்வுகூடச் சான்றுகளைக் காட்டுவர். பழ ஈயில் ஐந்து வகை இழைமணிகளை ஒரே கருவோடு, அதாவது கலத்தின் நிறமூர்த்தங்களைத் தாங்கும் பகுதியோடு சேர்த்துப் பார்த்த 2011ஆம் ஆண்டு ஆய்வில், ஆண்களில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பரம்பரையலகுகளின் செயற்பாடு மாறியது, பெண்களில் விரல்விட்டு எண்ணத்தக்கவையே மாறின. அடுத்த ஆண்டு பதின்மூன்று வகை இழைமணிகளை வைத்துச் செய்த ஆய்வில் ஆண்களின் முதுமை இழைமணிக்கேற்ப வேறுபட்டது, பெண்களின் முதுமை அவ்வாறு வேறுபடவில்லை. சான்றுகள் வலியவை, அவற்றை மறைப்பது நேர்மையாகாது. ஆனால் இரண்டிலும் கரு ஒன்றே ஒன்று, ஆய்வுகூடத்தில் நெடுநாள் வளர்ந்த ஒரு வமிசத்தினுடையது. உலகின் வெவ்வேறு மூலைகளிலிருந்து கொண்டுவந்த இழைமணிகள் முன்பின் அறியாத கருவோடு குடித்தனம் நடத்த விடப்பட்டன. அங்கே எழுந்த பிணக்கை ஊரில் அவை பழகிய கருவோடு வாழ்ந்த வாழ்வின் அளவுகோலாகக் கொள்ளலாமா என்பது கேட்கப்பட வேண்டிய கேள்வி. இரு இழைமணிகளை இரு வேறு கருக்களோடு மாற்றி மாற்றிச் சேர்த்த 2016ஆம் ஆண்டு ஆய்வில் படம் மாறிவிட்டது: பொதுவாகப் பெண் ஈக்களே மாற்றத்துக்கு அதிகம் அசைந்தன, ஆண்களில் இழைமணியின் விளைவு கருவுக்குக் கரு வேறுபட்டது.

கருவைக் கணக்கில் கொள்ளாமல் இழைமணியைப் பேசுவதே அடிப்படையில் குறைப்பேச்சு. மனித இழைமணியின் டி.என்.ஏ. 16,569 எழுத்துகள் நீளமுடையது. அதில் 37 பரம்பரையலகுகள் உண்டு, அவற்றில் 13 மட்டுமே புரதங்களுக்கு உரியவை. இழைமணி இயங்கத் தேவையான மற்ற ஆயிரத்துக்கும் மேற்பட்ட புரதங்களின் செய்முறை கருவில் எழுதப்பட்டிருக்கிறது, அதில் பாதி தந்தை தந்தது. தாய் தருவது வீட்டின் உறுதியும் சில தூண்களும். ஏனைய மரமும் கல்லும் ஓடும் இரு பக்கத்தாலும் வருகின்றன.

இந்தக் கருவின் பங்கை நெல்வயல் அளவுக்குத் தெளிவாகக் காட்டுவது வேறில்லை. 1970 நவம்பரில் சீனத்தின் ஹைனான் தீவில் ஒரு காட்டு நெற்செடி கண்டெடுக்கப்பட்டது. அதன் மகரந்தம் மலடு. மலட்டுத்தன்மைக்குக் காரணம் இழைமணியில் தோன்றியிருந்த ஒரு பரம்பரையலகு. தாய்வழியே செல்லும் ஒன்று பூவின் ஆண்பகுதியை முடமாக்கிய இந்த நிலைக்குக் குழியவுரு ஆண்மலடு என்று பெயர். சாபக் கோட்பாட்டுக்கு இதைவிடப் பொருத்தமான உதாரணம் கிடைக்காது. அத்தோடு கதை நின்றிருந்தால் கலப்பின நெல் என்ற ஒன்றே தோன்றியிருக்காது, ஏனெனில் ஆண்மலட்டுத் தாயின் விதையிலிருந்து வரும் பயிரும் மலடாகவே நின்று மணி பிடிக்காது. மணி பிடிக்கச் செய்தவை நெல்லின் கருவிலேயே இருந்த மீட்புப் பரம்பரையலகுகள்: இழைமணியின் கேட்டை அடக்கி மகரந்தத்தை உயிர்ப்பிக்கும் ஆர்.எப்.3, ஆர்.எப்.4 போன்றவை. கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகம் 1994இல் வெளியிட்ட கோ.ஆர்.எச்.1 முதல் ஆசியா எங்கும் விளையும் இவ்வகைக் கலப்பின நெற்கள் யாவும் தாய் போட்ட பூட்டையும் தந்தை கொண்டுவந்த திறப்பையும் சேர்த்துச் செய்தவை. இந்தத் திறப்புகளை எந்த விஞ்ஞானியும் செய்யவில்லை. வெப்பநாடுகளில் விளையும் இண்டிகா நெல்லினங்கள் பலவற்றில் அவை முன்னரே இருந்தன. திருகோணமலை மாவட்டத்துத் தம்பலகாமம், கந்தளாய் வயல்களின் நெல்லும் இண்டிகாக் குடும்பமே. ஆண்பகுதியைத் தாக்கும் இழைமணி எங்கே தோன்றினாலும், அதை அடக்கும் கருவுக்குப் பெரும் பரிசு காத்திருக்கிறது, ஏனெனில் கரு தாய்வழியாகவும் தந்தைவழியாகவும் பயணம் செய்வது. சாபக் கோட்பாடு மறந்துவிட்ட வழக்காளி இதுவே.

மனிதரில் இக்கோட்பாட்டின் மிக வலிய சான்று கனடாவின் கியூபெக்கிலிருந்து வருகிறது. பிரான்சிலிருந்து அனுப்பப்பட்டு 1669இல் அங்கே மணமுடித்த ஒரு பெண், இளவயதில் பார்வையைப் பறிக்கும் லேபர் நோய்க்குரிய இழைமணி விகாரம் ஒன்றைக் கொண்டுவந்தாள். அதைச் சுமந்த ஆண்பிள்ளைகள் முதலாண்டில் அதிகமாக இறந்தும், ஏறத்தாழ மூன்று நூற்றாண்டுகளில் அந்த விகாரம் குறையவில்லை என்று 2017இல் வெளியான ஆய்வு காட்டியது. ஆனால் மூன்று நூற்றாண்டு என்பது சுமார் பத்துத் தலைமுறை. சில ஆயிரம் பேரிலிருந்து பெருகிய ஒரு குடியேற்றத்தில் தற்செயலின் கை எப்போதும் நீளம். லேபர் நோய் விகாரம் உள்ள ஆண்கள் எல்லோரும் பார்வை இழப்பதில்லை. இழப்பார்களா இல்லையா என்பதில் கருவிலுள்ள பரம்பரையலகுகளுக்கும் பங்குண்டு என்பதற்கு, எக்ஸ் நிறமூர்த்தத்திலுள்ள ஒன்றை 2020இல் இனங்கண்ட ஆய்வும் சான்று. சாபத்துக்கு மாற்று இங்கேயும் கருவில் உருவாகிக்கொண்டிருக்கிறது; காலம் போதாமையைத் தோல்வி என்று வாசிக்கக் கூடாது.

ஆண்கள் பெண்களைவிட முந்தி இறப்பதற்கே தாயின் சாபம்தான் காரணம் என்ற பத்திரிகைப் பேச்சுக்கு நீண்ட பதில் வேண்டாம். பறவைகளிலும் இழைமணி தாய்வழியே செல்கிறது, ஆனால் அங்கே பொதுவாக நீண்டு வாழ்வது ஆண். 229 விலங்கினங்களை ஒப்பிட்ட 2020ஆம் ஆண்டு ஆய்வு, ஒரேவகைப் பால் நிறமூர்த்தச் சோடியை உடைய பால் மற்றதைவிடச் சராசரி 17.6 விழுக்காடு நீண்டு வாழ்வதாகக் கண்டது. பாலூட்டிகளில் அது பெண், பறவைகளிலும் வண்ணத்துப்பூச்சிகளிலும் ஆண். பெண் நீண்டு வாழும் இனங்களில் இடைவெளி 20.9 விழுக்காடு, ஆண் நீண்டு வாழும் இனங்களில் 7.1 விழுக்காடு என்ற ஏற்றத்தாழ்வில் இழைமணிக்கு ஒரு சிறு பங்கு இருக்கலாம் என்று விட்டுக்கொடுப்பதில் நட்டமில்லை.

உள்ளுறை பற்றீரியாக்களின் விடயத்தில் ஆணின் எதிர்வினை இன்னும் வேகமானது. கரிய இறக்கையில் நீலம் மின்னும் வெண்புள்ளிகளையுடைய ஹிப்போலிம்னஸ் போலினா என்ற வண்ணத்துப்பூச்சி இலங்கை முதல் பசிபிக் தீவுகள் வரை பரந்தது. சமோவாத் தீவுகளில் இதன் ஆண் முளையங்களை வொல்பாக்கியா முட்டையிலேயே கொன்றுவந்தது. 2001இல் அங்கே நூற்றுக்கு ஒன்று என்ற அளவில்தான் ஆண்கள் எஞ்சியிருந்தன. பாடநூலின்படி அந்த இனம் பெண்களால் நிறைந்து அழிவை நோக்கிச் சென்றிருக்க வேண்டும். 2006ஆம் ஆண்டளவில், ஏறக்குறைய பத்துத் தலைமுறைகளுக்குள், ஆண்கள் நூற்றுக்கு நாற்பது ஆகிவிட்டன. பற்றீரியா போய்விடவில்லை; அதன் கொலையைத் தடுக்கும் பரம்பரையலகு ஒன்று வண்ணத்துப்பூச்சியின் கருவில் பரவிவிட்டது. ஆண் அரிதாகும் கூட்டத்தில் ஒவ்வோர் ஆணுக்கும் துணைகள் ஏராளம் கிடைப்பதால், பிழைக்க வைக்கும் பரம்பரையலகுக்குக் கிடைக்கும் வட்டி அளவிறந்தது. ஆண் ஒழியுந்தோறும் ஆணாக இருப்பதன் விலை ஏறுகிறது என்பதைக் கவனிக்காமல் ஆணின் அழிவைப் பற்றி எழுதுவது, கையிருப்பைப் பாராமல் சந்தை விலை சொல்வது போன்றது. சில மரப்பேன்களிலோ விடயம் அதற்கும் மேலே போயிற்று: ஆணைப் பெண்ணாக்கும் வொல்பாக்கியாவின் டி.என்.ஏ.யில் பெரும் துண்டு ஒன்று மரப்பேனின் கருவுக்குள் நுழைந்து, பெண்பாலைத் தீர்மானிக்கும் புதிய நிறமூர்த்தமாகவே மாறிவிட்டது என்று 2016இல் காட்டப்பட்டது.

வொல்பாக்கியாவுக்கு ஆண் பயனற்றது என்ற கூற்றைப் பொய்ப்பிக்கத் துறைமுகத்துக்கு அப்பால் போக வேண்டியதில்லை. 1924இல் மார்ஷல் ஹெர்ட்டிக்கும் எஸ். பி. வொல்பாக்கும் இந்தப் பற்றீரியாவை முதலில் கண்டது கியூலெக்ஸ் நுளம்பில். திருகோணமலை நகரத்தின் கழிவுநீர்க் கான்களில் பெருகி இரவில் கடிப்பதும் கியூலெக்ஸ் குடும்பமே. தொற்றுள்ள ஆண் நுளம்பின் விந்தை வொல்பாக்கியா ஒருவிதமாகப் பூட்டி அனுப்புகிறது. முட்டையிலும் அதே வொல்பாக்கியா இருந்தால் பூட்டுத் திறக்கும். இல்லாவிட்டால் தந்தையின் நிறமூர்த்தங்கள் முதற் பிரிவிலேயே சிதைந்து முட்டை அழியும். குழியவுருப் பொருந்தாமை எனப்படும் இந்த ஏற்பாட்டின் பரம்பரையலகுகள் 2017இல் இனங்காணப்பட்டன. இதனால் தொற்றில்லாத பெண்களின் முட்டைகள் வீணாகித் தொற்றுள்ள பெண்களின் பங்கு கூடுகிறது. அதாவது தாய்வழிச் சரக்கான பற்றீரியா நாடெங்கும் பரவுவது தன்னை அடுத்த தலைமுறைக்குக் கடத்தாத ஆண் உடலைக் கருவியாக்கியே. 1967இல் எச். லாவன் என்ற ஆய்வாளர், வங்காள விரிகுடாவின் எதிர்க்கரையிலுள்ள பர்மாவின் ஒக்போ கிராமத்தில், பொருந்தாத ஆண்களை மட்டும் விடுவித்து அங்கிருந்த கியூலெக்ஸ் நுளம்புகளை ஒழித்துக்காட்டினார்.

டெங்குவைப் பரப்பும் ஈடிஸ் எகிப்தியில் வொல்பாக்கியா இயற்கையாக இல்லை. பழ ஈ போன்ற வேறு பூச்சிகளிலிருந்து எடுத்து ஆய்வுகூடத்தில் அதற்குள் குடியேற்றப்படுகிறது. குடியேறிய பின் நுளம்பினுள் டெங்கு வைரசு பெருகுவது தடைப்படுகிறது. இந்தோனேசியாவின் யோக்யகர்த்தாவில் நடந்த பரிசோதனையில் நோய் 77 விழுக்காடு குறைந்தது. 2017 மார்ச்சில் கிண்ணியாவில் டெங்கு பரவி உயிர்களைக் குடித்ததும், அந்த ஆண்டு நாடு முழுவதும் 1,86,000க்கு மேற்பட்டோர் பாதிக்கப்பட்டதும் திருகோணமலை மாவட்டம் மறக்கக்கூடியவை அல்ல. 2020 முதல் கொழும்பிலும் நுகேகொடையிலும் தொற்றுள்ள ஆண், பெண் நுளம்புகள் இரண்டும் விடுவிக்கப்பட்டன. சிங்கப்பூரிலோ 2016 முதல் ஆண்கள் மட்டும். முன்னது பற்றீரியாவைக் குடியேற்றும் முறை, பின்னது நுளம்பைக் குறைக்கும் முறை. இரண்டையும் இயக்குவது ஆணே.

இதற்கு எதிராகக் கூறத்தக்க கனமான நியாயம் ஒன்று உண்டு. மைக்கேல் டுரெல்லி 1994இல் காட்டியபடி, ஆணின் விந்தில் பூட்டு எவ்வளவு இறுக்கம் என்பதைத் தேர்வு நேராகக் கவனிப்பதில்லை. தொற்றுள்ள தாய்க்கு எவ்வளவு பிள்ளைகள் என்பதையே அது எண்ணுகிறது. உண்மைதான், எவரும் எவரோடும் கூடும் பரந்த கூட்டத்தில். ஆனால் பூட்டு இறுகுவதும் தளர்வதும் பற்றீரியாவின் கையில் மட்டும் இல்லை. பழ ஈயின் வொல்பாக்கியா தன் சொந்த ஈயினத்தில் நலிந்த பூட்டையே இடுகிறது. அதே பற்றீரியா நெருங்கிய வேறோர் ஈயினத்துக்கு மாற்றப்பட்டால் வலிய பூட்டிடுகிறது. ஈடிஸில் ஏறத்தாழ முழுப் பூட்டு. பழகிய வீட்டின் ஆண், தன் முட்டைகளை வீணாக்கும் விருந்தாளியை மெல்ல அடக்கக் கற்றிருக்கிறது என்பதே இதற்கு மிகப் பொருத்தமான விளக்கம்.

ஆகவே கிழக்குக் கரையில் எப்போதேனும் இந்த நுளம்புகள் விடுவிக்கப்படுமானால் கேட்க வேண்டியது, உள்ளூர் ஆண் நுளம்பின் கரு இந்தப் பூட்டை எவ்வளவு காலத்தில் தளர்த்தும் என்பதே. சமோவாவின் வண்ணத்துப்பூச்சிக்குப் பத்துத் தலைமுறை போதுமாயிற்று. கொட்டியாரக் குடாவின் வெக்கையில் ஈடிஸ் அத்தனை தலைமுறைகளை ஏறத்தாழ ஓராண்டுக்குள் கடந்துவிடும். ஆயினும் 2011இல் தொடங்கி வொல்பாக்கியா குடியேற்றப்பட்ட வட அவுஸ்திரேலியாவில், பத்தாண்டு கழிந்த பின்னும் பூட்டு இறுக்கமாகவே இருந்தது. சமோவாவில் ஆண் கொல்லப்பட்டது, அவுஸ்திரேலியாவில் ஆண் கருவியாக்கப்பட்டது. கொல்லப்படும் ஆண் கருவில் எழுப்பும் அவசரம், எல்லாப் பெண்களும் தொற்றுற்றுப் பூட்டுக்கு வேலையே இல்லாமற்போன ஊரின் ஆணுக்கு இல்லை.